கட்டாருக்குப் போகிறேன், ஊர் நம்பரை என்ன செய்ய?

களுவாஞ்சிப் பொடியன்:
அடுத்த மாதம் கட்டார் போகிறேன். கம்பனி வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். என்னுடைய இலங்கை 077 நம்பரை என்ன செய்வதென்று தெரியவில்லை. ப்ரீபெய்ட் சிம், பள்ளிக்கூடம் படிக்கும் காலத்தில் அப்பாவின் அடையாள அட்டையில் எடுத்தது. வங்கி ஆப், வாட்ஸ்அப், ஜிமெயில், பேஸ்புக் எல்லாம் இதில்தான். டிக்கெட் செலவுக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தபோதும் இதே நம்பரைத்தான் கொடுத்தேன், தவணை மெசேஜ் இதற்குத்தான் வரும்.

சிம்மை வீட்டில் வைத்துவிட்டுப் போ, ஓடிபி வந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அம்மா சொல்கிறா. கூட்டாளி கையோடு கொண்டுபோ என்கிறான். சுவிஸில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அதை வெட்டிவிட்டு எல்லாவற்றையும் புது நம்பருக்கு மாற்று என்கிறார். ஆளுக்கொரு கதை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தோஹா காக்கா:
தம்பி, கையோடு கொண்டுபோங்கள், வேறு கதையே இல்லை. நான் காத்தான்குடி, தோஹாவில் நீண்ட காலம். இரண்டு சிம் போடும் போன் ஒன்று எடுங்கள். ஒன்றில் ஊர் சிம், மற்றதில் கட்டார் சிம். ஊர் சிம் வெளிநாட்டிலும் ஓடுவதற்கு ரோமிங் வேண்டும், போகுமுன் ஊரிலேயே அதைப் போட்டுவிடுங்கள். இங்கே இறங்கிய பிறகு போட நினைத்தால் அதற்கே ஓடிபி கேட்டு அலைக்கழிக்கும். வெளிநாட்டில் இருக்கும்போது வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு வெட்டமாட்டார்கள். வருகிற கோலை எடுத்தால்தான் வெட்டும். டேட்டா ரோமிங்கை மட்டும் கட்டாயம் அணைத்து வையுங்கள். ஊர் சிம்மில் கோல் வந்தால் எடுக்காமல், வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடுங்கள்.

வின்டர்தூர் மச்சான்:
நானும் சுவிஸில்தான், அந்தப் பெரியம்மாவின் மகன் சொன்னதுதான் சரி. காக்கா சொல்வது கொஞ்சக் காலத்துக்கு ஓடும். ப்ரீபெய்ட் நம்பர் யாருடைய சொத்தும் இல்லை. ரீலோட் போடாமல் கொஞ்ச மாதம் விட்டால் கம்பனி அதை எடுத்து இன்னொருவருக்கு விற்றுவிடும். வாங்கினவர் வாட்ஸ்அப் போட்டால் உன்னுடைய கணக்கு அவருடைய போனுக்குப் போகும், நீ இருந்த குடும்பக் குரூப்புக்குள் அவர் நிற்பார். வங்கியில் அந்த நம்பர் இன்னும் இருந்தால் உன்னுடைய ஓடிபியும் அவருக்குத்தான். இரண்டு வருடம் என்று போகிறவன் இரண்டு வருடத்தில் வந்ததை நான் கண்டதில்லை. வாழப்போகிற நாட்டு நம்பரை வைத்துக்கொள், பழையதை ஒழுங்காக மூடு.

வாவிக்கரை அக்கா:
இரண்டு பேரும் ஆண்பிள்ளைக் கணக்குப் பார்க்கிறீர்கள். நான் ஆரையம்பதி. என் தங்கச்சிமார் இருவரும் வெளியில், ஒருத்தி டுபாய், ஒருத்தி குவைத்தில் வீட்டு வேலை. இருவருடைய சிம்மும் என்னிடம்தான். குவைத்தில் இருப்பவளுக்குப் போனே மேடத்தின் அலுமாரியில். வெள்ளிக்கிழமைதான் கையில் கொடுப்பார்களாம். அவளுக்கு ரோமிங், இரண்டு சிம் என்று பாடம் எடுத்து என்ன பயன்? இங்கே காசு வந்து விழுந்த மெசேஜ், பிள்ளைகளின் பள்ளிக்கூட மெசேஜ், லீசிங்காரனின் கோல் எல்லாம் ஊரில் ஒருவர் பார்த்தால்தான் அலுவல் நடக்கும். அம்மா சொல்வதுதான் சரி தம்பி.

வின்டர்தூர் மச்சான்:
அக்கா, அப்போ வங்கி ஓடிபியையும் நீங்கள்தான் வாசித்துச் சொல்கிறீர்களா? அதைத்தான் எந்த வங்கியும் யாருக்கும் சொல்லாதே என்று ஒவ்வொரு மெசேஜிலும் எழுதுகிறது.

வாவிக்கரை அக்கா:
அவளுக்கு வங்கி ஆப்பே இல்லை. பாஸ்புக்தான். காசு விழுந்ததா என்று மட்டும் பார்த்துச் சொல்வேன். எல்லாரும் உங்களைப்போல் ஆப்பில் குடித்தனம் நடத்துவதில்லை.

கல்முனை ரிப்பயர்:
கடையில் இதே கதையைத் தினமும் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பொடியன், நீங்கள் கேட்டதில் பெரிய சிக்கலை யாரும் தொடவில்லை. சிம் அப்பாவின் பெயரில். கட்டாரில் போன் துலைந்தால், அல்லது சிம் பழுதானால், அதே நம்பருக்கு வேறு சிம் எடுக்க உங்களால் ஏலாது. அப்பாதான் அடையாள அட்டையோடு சிம் கம்பனியின் கிளைக்குப் போகவேண்டும். அதுவரைக்கும் வங்கி, ஜிமெயில் எல்லாம் பூட்டு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய சிம் அப்பா பெயரில், மாமா பெயரில், சிலருடையது மௌத்தான, அதாவது இறந்துபோன, ஆளின் பெயரில்கூட. #132# என்று அடித்துப் பார்த்தால் உங்கள் அடையாள அட்டையில் எத்தனை இணைப்பு என்று காட்டும். நீங்கள் அடித்துப் பாருங்கள், அப்பாவையும் பார்க்கச் சொல்லுங்கள், அவருடைய பெயரில் யார் யாரோ ஓட்டிக்கொண்டு இருக்கலாம். போகுமுன் இருவரும் ஒன்றாகப் போய்ப் பெயரை மாற்றுங்கள். கொண்டுபோவதா, விடுவதா, வெட்டுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், நல்லதுதான், ஆனால் போன் உடைந்தால் புதுப் போனுக்கு எடுக்கத் திரும்ப ஆளை அடையாளம் காட்டவேண்டி வரும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அது கரைச்சல். பிளாஸ்டிக் சிம் என்றால் உடைந்த போனிலிருந்து கழற்றி அடுத்த போனில் போட்டால் சரி. போகிறவருக்கு ஊர் நம்பர் பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லது என்பது என் கட்சி. போன இடத்து நம்பரை இ-சிம்மில் எடுங்கள்.

தோஹா காக்கா:
ரிப்பயர் சொன்ன பெயர் மாற்றம் முக்கியம், அதை நான் மறுக்கவில்லை.

மச்சானுக்கு ஒரு கேள்வி. எல்லாவற்றையும் கட்டார் நம்பருக்கு மாற்று என்கிறீர்கள். இங்கே சிம்மே கியூஐடி என்ற கட்டார் அடையாள அட்டையில்தான் பதிவு. வீசா முடித்து ஊருக்கு ஏறினால் நம்பரும் போச்சு. கட்டார் நம்பரை வங்கியில் கொடுத்தவர் ஊருக்குத் திரும்பிய பிறகு அதே பிரச்சினை தலைகீழாக வரும். உங்களுக்கு சுவிஸ் குடியுரிமை, நம்பர் வாழ்நாள் முழுக்க உங்களோடு. கல்ஃபில் எல்லாரும் போய்த் திரும்புகிறவர்கள். எங்களுக்கு நிலையான நம்பர் ஊர் நம்பர்தான்.

வின்டர்தூர் மச்சான்:
நல்ல கேள்வி. அதனால்தான் நம்பரிலேயே எதையும் கட்டாதே என்கிறேன். ஜிமெயிலுக்கு ஆதென்டிகேட்டர் ஆப் போடு, எஸ்எம்எஸ் இல்லாமலே போனில் கோட் காட்டும். பத்து பேக்கப் கோட் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். அதைத் தாளில் எழுதிப் பாஸ்போட் கவருக்குள் வை. பேஸ்புக்கும் அப்படியே. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின் போடு, மீட்பதற்கு மின்னஞ்சலும் கொடு. பின் இருந்தால் உன் நம்பரை வாங்கினவன் உடனே உள்ளே வர ஏலாது, ஏழு நாள் காக்கவேண்டும். இவ்வளவும் செய்தால் சிம்மை நம்பி இருப்பது வங்கி ஒன்றுதான்.

தோஹா காக்கா:
அந்த ஒன்றுதானே ஆளைக் கொல்வது! எனக்குக் கணக்கு உள்ள வங்கியில் வெளிநாட்டு நம்பரைப் போடச் சொல்லிக் கேட்டேன். கிளைக்கு நேரில் வந்து படிவம் நிரப்பு என்றார்கள். இங்கிருந்து எப்படி நேரில் போக? லீவுக்கு வந்தபோதுதான் முடிந்தது. அதுவரைக்கும் ஊர் சிம் என் போனில் இருந்தபடியால்தான் வீட்டுக்குக் காசு மாற்றினேன்.

வின்டர்தூர் மச்சான்:
பொடியன் இன்னும் ஊரில்தானே இருக்கிறார், இப்போதே கிளைக்குப் போய்க் கேட்கட்டும். சில வங்கிகள் வெளிநாட்டு நம்பரை ஏற்கும், சில மின்னஞ்சலுக்கு ஓடிபி அனுப்பும். தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றும் திறக்கலாம், அதைத் திறக்கும்போதே எந்த நம்பர் என்று பேசி முடிக்கலாம்.

திருக்கோவில் சேர்:
நேர வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். பொடியன் வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வங்கி ஆப்பைத் திறக்கிறார் என்று வையுங்கள். களுவாஞ்சிக்குடியில் பதினொன்றரை. அம்மா நித்திரை. எழுப்பி, கண்ணாடியைத் தேடி, மெசேஜைத் திறந்து, "ஆறோ, எட்டோ தெரியேல்ல மனே" என்று வாசிப்பதற்குள் ஓடிபி காலாவதி. திரும்ப அனுப்பு. மூன்றாம் முறை பிழைத்தால் கணக்குப் பூட்டு. என் மகன் மெல்பேர்னில், அங்கே நேரம் மறுபக்கம், கூத்து அதே கூத்துத்தான்.

மெல்பேர்ன் என்றதும் இன்னொன்று. அவுஸ்திரேலியாவில் 2024இல் 3ஜியை முற்றாக நிறுத்திவிட்டார்கள். ஊர் சிம்மைப் போட்டு வைக்க ஒரு பழைய போனைக் கொடுத்துவிட்டேன், அது அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. பட்டன் போனை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் போகிற நாட்டில் எந்த அலைவரிசை உயிரோடு இருக்கிறது என்று பார்த்துப் போங்கள்.

வாவிக்கரை அக்கா:
சேர், அம்மாமாரை இவ்வளவு குறைத்து மதிப்பிடாதீர்கள். என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, போட்டிம் என்ற ஆப்பில் தங்கச்சியோடு வீடியோ கோல் எடுக்கிறா. டுபாயில் வாட்ஸ்அப் கோல் போகாது என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவதான்.

கல்முனை ரிப்பயர்:
சிலர் இங்கே ஒரு போனில் சிம்மைப் போட்டு, எஸ்எம்எஸ்ஸைத் தானாக அனுப்பும் ஆப் ஒன்றை ஏற்றிச் சார்ஜரில் குத்திவிட்டுப் போகிறார்கள். செய்யவேண்டாம். உங்கள் ஓடிபி எல்லாம் யாரோ எழுதிய ஆப்புக்குள்ளால் போகும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. கோல் டைவர்ட் போடலாமே என்றும் கேட்பார்கள். டைவர்ட்டில் கோல் மட்டும்தான் போகும், எஸ்எம்எஸ் போகாது. வெளிநாட்டு நம்பருக்கு டைவர்ட் என்றால் அந்தக் காசும் உங்கள் தலையில்.

வாட்ஸ்அப்பை நம்பர் மாற்றப் போகிறவர்களுக்கு: முதலில் போன்புக்கைத் திறந்து 077, 071, 065 என்று சேமித்த எல்லாவற்றையும் +94 போட்டு மாற்றுங்கள். கட்டார் நம்பருக்கு மாறியதும் வெறும் 077 என்று கிடக்கிற நம்பரை வாட்ஸ்அப் ஊர் நம்பர் என்று அடையாளம் காணாது, ஆட்கள் எல்லாரும் காணாமல் போய்விட்டார்கள் என்று பதறுவீர்கள். அப்புறம் செட்டிங்கில் "நம்பரை மாற்று" என்பதைப் பாவியுங்கள், குரூப் எல்லாம் கூடவே வரும். கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டாம்.

தலைப்புக்கு வெளியே ஒரு சொல்: லீவில் வரும்போது தம்பிக்குப் போன் வாங்கி வருகிறவர்கள் வாங்குமுன் ஐஎம்இஐ என்ற போனின் தனி அடையாள இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவில்லாத புதுப் போன் இப்போது இங்கே ஓடாது. பெட்டியோடு கடைக்குக் கொண்டுவந்து என்னோடு சண்டை பிடிக்கிறார்கள்.

களுவாஞ்சிப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி. அடகு மெசேஜ் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் என் பெரிய பயம். சங்கிலி அம்மாவுடையது, திருப்பும் தேதி தவறினால் என்னை வீட்டுக்குள் விடமாட்டா.

வாவிக்கரை அக்கா:
அதற்கு அடகுச்சீட்டை எடுத்துக்கொண்டு அதே கிளைக்குப் போய் அம்மாவின் நம்பரைப் பதியச் சொல்லுங்கள். வட்டி கட்டப் போவதும் அவதானே. சீட்டு உங்கள் பெயரில் என்றால், திருப்ப அம்மாவுக்கு உங்கள் எழுத்து மூல அனுமதி போதுமா, அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக அவ அலுவல் பார்க்க எழுதிக் கொடுக்கும் சட்டப் பத்திரம்) வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டு வாருங்கள். கட்டாரில் இருந்துகொண்டு அதைச் செய்வதென்றால் தூதரகம் வரைக்கும் ஓடவேண்டும்.

தோஹா காக்கா:
அக்கா சொன்னது பொன். சிம் கையில், அடகு அம்மாவின் நம்பரில்.

வின்டர்தூர் மச்சான்:
கையில் வைத்திரு, நான் தடுக்கவில்லை. ஆனால் ரீலோட்டை யார் பார்ப்பது? வேலை மும்முரத்தில் மறந்துபோவாய். அம்மாவிடம் சொல்லி மாதாமாதம் கடையில் சின்னத் தொகை போடவை. அம்மாவுக்கு ஓடிபி வேலையை விட இது லேசு. வங்கியில் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல். ஒரு நாள் நம்பர் போனாலும் நீ தெருவில் நிற்கமாட்டாய்.

வாவிக்கரை அக்கா:
பார்த்தீர்களா, கடைசியில் எல்லாம் அம்மாவிடம்தான் வந்து நிற்கிறது.

களுவாஞ்சிப் பொடியன்:
சரி, முதலில் பெயர் மாற்றம், பிறகு வங்கி, பிறகு அடகுக் கிளை. சிம்மைக் கொண்டுபோகிறேன், ரோமிங்கை இங்கேயே போடுகிறேன். வாட்ஸ்அப்பை ஊர் நம்பரிலேயே விடுகிறேன், பின் மட்டும் போடுகிறேன். மச்சான் கோபிக்கவேண்டாம். அப்பா வயலில் நிற்கிறார், அறுவடை நேரம், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். சனிக்கிழமை கிளையில் பெயர் மாற்றிக் கொடுப்பார்களா?

கல்முனை ரிப்பயர்:
கிளைக்குக் கிளை வேறு, போகுமுன் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். அப்பாவின் அடையாள அட்டை பழைய லமினேட் அட்டை என்றால் இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயலுக்குப் போகிறவர்கள் சட்டைப்பையிலேயே வைத்திருந்து எழுத்தெல்லாம் அழிந்த அட்டையோடு வந்து திரும்பிப் போகிறார்கள்.