மறு: படிப்புக்கான சிறிய மடிக்கணினி – எந்தச் சொல்?

வணக்கம்.

மாணவர் கையேட்டின் வரைவைப் படித்தேன். உள்ளடக்கம் நன்றாக வந்திருக்கிறது, பெயரில்தான் சிக்கல். நெட்புக், மினி லேப்டாப், இணையேடு, பயில்கணினி என நான்கும் ஒரே பக்கத்தில் வருகின்றன. படிக்கிற பிள்ளை இவை நான்கு தனித்தனிப் பொருள்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

> நெட்புக் என்றால் இணையேடு. நேரடியாக இருக்கிறதே?

நேரடியாக இருப்பதுதான் தொல்லை ஐயா. நெட்புக் விற்பனைக்காக எழுந்த பெயர். 1999-இல் சயான் (Psion) என்ற நிறுவனம் தன் கருவி ஒன்றுக்கு வைத்தது. 2008-இல் இன்டெல் அதையே ஆட்டம் (Atom) என்ற தன் சில்லு பொருத்திய மலிவு விலைக் கணினிகளுக்குப் பொதுப்பெயராகப் பரப்பியது. அதற்கு முந்தைய ஆண்டு 7 அங்குலத் திரையோடு வந்த அசூஸ் நிறுவனத்தின் ஈ பிசி (Eee PC) கணினியும் இதே கணக்கில் சேர்ந்தது. பலகைக் கணினிகள் (டேப்லெட்) பரவியதும் அந்த வகையே மறைந்துவிட்டது. இன்று இணையத்தோடு சேராத கணினி எது? வேறுபடுத்திக் காட்டாத அடைமொழியால் பயனில்லை. தவிர, இணையேடு என்றதும் எனக்கு இணைய இதழ்தான் நினைவுக்கு வருகிறது.

> பயில்கணினி அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் வினைத்தொகையில் யார் பயில்வது? ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை, அது உண்மை. ஆனால் இயந்திரக் கற்றலைப் பற்றி எல்லோரும் பேசும் இந்தக் காலத்தில், பயில்கணினியைத் தானே பயிலும் கணினி என்றுதான் பலரும் படிப்பார்கள். இன்னொன்று, பயன்படுத்துபவரை வைத்துப் பெயரிட்டால், அதே கருவியில் கணக்கு எழுதும் பாட்டி அதை என்னவென்று சொல்வார்? விலையை வைத்துப் பெயரிடுவதும் வேண்டாம், விலை மாறும்.

மாறாமல் நிற்பது அளவு. அதனால் என் பரிந்துரை: குறுமடிக்கணினி.

குறுங்கணினி போதாதா என்று கேட்கலாம். மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டிக் கணினிகளுக்கும் அது பொருந்திவிடும், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது விடுபட்டுப்போகும். குறு என்றால் ஆற்றலும் குறைவு என்று தோன்றுமோ என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். கடலையே குடித்த அகத்தியரைக் குறுமுனி என்கிறோம், யாரும் குறைவாக நினைப்பதில்லை. பேச்சில் குறுமடி என்று சுருக்குவதை மட்டும் தவிர்ப்போம். மடிக்குச் சோம்பல் என்ற பொருளும் இருப்பதால் மாணவருக்கு அந்தப் பெயர் வேண்டாம்!

சொல்லோடு ஒரு வரையறையும் வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். மூடி வைத்தால் ஏறக்குறைய ஏ4 தாளின் பரப்புக்குள் அடங்குவது என்று வைக்கலாம். ஏ4-இன் நீளம் 29.7 செ.மீ. 16:9 வடிவில் 13.3 அங்குலத் திரையின் அகலம் மட்டுமே 29.4 செ.மீ. வரும், ஆகவே அதுதான் மேல் எல்லை. கீழ் எல்லையை விசைப்பலகைதான் தீர்மானிக்கும். வழக்கமான விசைகளில் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மி.மீ. இருக்கும். அதை வெகுவாகச் சுருக்கினால் பக்கம் பக்கமாகக் கட்டுரை தட்டும் பிள்ளைக்கு விரல் நோகும். 11.6 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

வரைவில் ரேம் என்னும் நினைவகத்தைப் பற்றி இன்னொரு இடம். "நினைவகம் 4 ஜிபி போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். இந்த அளவுக் கருவிகள் பலவற்றில் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே சால்டர் வைத்து ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட வழியில்லை. வாங்கும்போதே 8 ஜிபி பார்க்கச் சொல்லுங்கள். இங்கேயும் ஒரு சொல் இணை தேவைப்படுகிறது: பற்றவைத்த நினைவகம், செருகு நினைவகம். அந்த இரண்டும் தெரிந்தால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி பிள்ளைக்குத் தானாக வரும். சேமிப்பகத்திலும் இப்படித்தான். இஎம்எம்சி (eMMC), எஸ்எஸ்டி (SSD) என இருவகைச் சேமிப்பகங்கள் உண்டு. இஎம்எம்சி பெரும்பாலும் பலகையோடு ஒட்டியே வரும், எஸ்எஸ்டியைவிட மெதுவானதும்கூட. இந்த இரண்டு சுருக்கப் பெயர்களையும் தமிழாக்க வேண்டாம், விவரத் தாளில் அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக்கும் அப்படியே இருக்கட்டும், அது வணிகப் பெயர்.

பழைய கருவி வாங்குவோருக்கும் ஒரு வரி சேருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட கருவி மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளும் எண்ணத்தோடுதான் வாங்க வேண்டும்.

சரி, மறுப்பு இல்லையென்றால் வரைவு முழுக்கக் குறுமடிக்கணினி என்றே மாற்றிவிடலாம். 'பற்றவைத்த' எனக்கே கொஞ்சம் இரும்புப் பட்டறை வாடை அடிக்கிறது. வேறு சொல் இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.