நான்கு மாதம் காத்தும் டை-ஐ சாயம் ஓடவில்லை, மீதி ஒரு துண்டுதான்

திருவாரூர் மாணவி:
உடற்கூறியல் முதுநிலை படிக்கிறேன். உடல் தானமாக வந்த ஒரு பெரியவரின் ஹிப்போகேம்பஸ் (மூளையின் நினைவாற்றல் பகுதி) துண்டை, திசுவைப் பதப்படுத்தும் 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் வைத்து, டை-ஐ (DiI, நரம்பிழைகளின் பாதையைக் காட்டும் ஒளிரும் சாயம்) படிகம் ஒன்றை ஊசிமுனையால் பதித்தேன். நான்கு மாதம் அலமாரியில் இருந்தது. சாயம் 2 மில்லிமீட்டர்கூட நகரவில்லை. வழக்கம்போல ஆல்கஹால், சைலீன் காட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பிறகு அந்தக் கொஞ்சமும் காணோம், நுண்ணோக்கியில் ஒரே இருட்டு. அவர் மகன் உடலை ஒப்படைத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். மீதித் துண்டைத் தொடவே கை நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

குடந்தைக்காரர் (ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன்):
இருந்த சாயமும் காணாமல் போனதற்கு ஆல்கஹால்தான் காரணம், அம்மா. உயிருள்ள விலங்கில் செலுத்தும் சாயங்களை நரம்பணு தானே சுமந்து போகும். டை-ஐக்கு அந்த உயிரோட்டம் வேண்டாம். நரம்பிழைச் சவ்வின் கொழுப்பில் கலந்து, அதன் வழியே மெல்லப் பரவும். அதனால்தான் பதப்படுத்திய திசுவிலும் ஓடுகிறது. 1987-இல் கோட்மென்ட் குழுவினர் இதைக் காட்டினார்கள். ஆனால் கொழுப்பைக் கரைக்கும் எதுவும் சாயத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆல்கஹால், சைலீன், ட்ரைட்டன் என்ற சோப்புக் கரைசல் எதுவும் வேண்டாம். மெழுகுக் கட்டியும் கூடாது. வைப்ரட்டோமில் (அதிரும் கத்தியால் திசுவைச் சீவும் கருவி) 50 முதல் 100 மைக்ரான் தடிமனில் சீவி, பஃபரிலேயே மூடி, அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

அலமாரிச் சூடு போதாது. 37 டிகிரி இன்குபேட்டரில், இருட்டில், பூஞ்சை பிடிக்காமல் கொஞ்சம் சோடியம் அசைடு சேர்த்து வையுங்கள். அப்படியும் பொறுமை வேண்டும். மேட்டூர் திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? வயதானவர் மூளையில் நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் என்ற கொழுப்பு உறை வேறு தடுக்கும், சில மில்லிமீட்டர் கிடைத்தாலே நல்லது. ஹிப்போகேம்பஸிலேயே டென்டேட் கைரஸ் பகுதியிலிருந்து சிஏ3 பகுதிக்குப் போகும் மாஸி இழைகளைப் பாருங்கள். அவற்றுக்கு மயலின் இல்லை, தூரமும் குறைவு.

தஞ்சாவூர் நோயியல்:
ஒரு எச்சரிக்கை. முதியவர் மூளையில் லிப்போஃபசின் என்ற, வயதாக ஆகச் சேரும் நிறமி நிறைய இருக்கும், அது சாயம் இல்லாமலே மஞ்சளாக ஒளிரும். சாயம் வைக்காத ஒரு சீவலை அதே ஃபில்டரில் முதலில் பாருங்கள். இழையாக நீண்டு போனால்தான் டை-ஐ. நரம்பணுவுக்குள் பொடிப்பொடியாக ஒளிர்ந்தால் நம்பாதீர்கள்.

திருவாரூர் மாணவி:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி டாக்டர். இன்று மாலையே இன்குபேட்டரில் இடம் கேட்டு வாங்கிவிட்டேன். படிகத்தை நாளைக் காலை, கை நடுங்காதபோது வைக்கிறேன்.