பெருமை, தாழ்மை: உங்கள் திருச்சபைச் சேகரத்தில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டைக்காரன்:
போன ஞாயிறு பிரசங்கம் லூக்கா 14. கலியாண வீட்டில் முதன்மையான இடத்தில் போய் உட்காராதே, தாழ்ந்த இடத்தில் உட்கார், அழைத்தவன் வந்து “சிநேகிதனே, உயர்ந்த இடத்தில் வாரும்” என்பான் என்கிற பகுதி. அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்ட ஓர் அண்ணாச்சி எங்கள் ஊரில் உண்டு. அசனம் என்கிற சபை விருந்து என்றால் பந்தல் வாசலோரம் எச்சில் இலைக் கூடைப் பக்கமாகத்தான் நிற்பார். “நமக்கென்ன, கடைசியில் ரெண்டு கரண்டி கிடைத்தால் போதும்” என்பார். கண் மட்டும் சபைப் போதகரான ஐயர் இருக்கிற பக்கமே இருக்கும். யாராவது ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்ததும் ஊரே பார்க்கும்படி மெதுவாக நடந்து வருவார். ஒரு வருடம் கூட்டம் அதிகம், யாரும் கவனிக்கவில்லை. மனுஷன் சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கமிட்டியில் பரிமாறினது சரியில்லை என்று ஒரே சத்தம்.

நாசரேத் அக்கா:
எங்கள் பக்கம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீஷர்களின் காலைக் கழுவின யோவான் 13 வாசித்து, பன்னிரண்டு பேரின் காலை ஐயர் கழுவுவார். பெயரெல்லாம் முன்னாலேயே குறித்தாகிவிடும். வருகிறவர்களும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பித்தவெடிப்புக்குக் களிம்பு தடவிப் பளபளவென்று வருவார்கள். அதில் எதைக் கழுவ? ஒரு தடவை ஒருத்தர் வரவில்லை. பின்வரிசையில் இருந்த தாத்தா ஒருவரை அவசரமாகக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். பனையேறி. உள்ளங்காலின் ஓரம் முழுக்கக் காய்ப்பு, மரமேறக் காலில் மாட்டுகிற தளைநார் உரசின கருப்புத் தழும்பு. தாத்தா காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு “வேண்டாம் ஐயா, அழுக்கு” என்றார். ஐயர் அங்கியோடு தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து விரலிடுக்கு வரைக்கும் கழுவினார். கிண்ணத்துத் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டியார் வேறு தண்ணீர் எடுக்க ஓடினார். பேதுருவும் முதலில் என் காலைக் கழுவக்கூடாது என்றுதானே காலை இழுத்தான்!

களக்காட்டான்:
டோனாவூர் போனவர்களுக்குத் தெரியும். 1901 முதல் அங்கே பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் 1951 ஜனவரியில் இறந்தார். என் கல்லறைக்குக் கல் வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தார்கள். பெயர், பட்டம் எதுவும் கிடையாது. தாயைக் கூப்பிடுகிற சொல் மட்டும்தான். எங்கள் கோயிலில் ஃபேன் இறக்கையிலேயே உபயம் எழுதியிருக்கிறது. சுற்றினால் படிக்க முடியவில்லை என்று கொடுத்தவர் நடுக் குமிழில் மாற்றி எழுதச் சொன்னார்.

வள்ளியூர் தம்பி:
எல்லாம் சரி. எனக்கு ஒரு ஆதங்கம். தாழ்மைப் பிரசங்கம் எப்போதும் யாருக்கு? வேலை கேட்டு வந்த பிள்ளைக்கு, சம்பளம் போதவில்லை என்கிற உபதேசியாருக்கு, சபைக் கணக்கைக் கேட்கிற வாலிபனுக்கு. பிலிப்பியர் 2இல் தேவனுக்குச் சமமாயிருந்த கிறிஸ்துதானே அடிமையின் ரூபம் எடுக்கிறார்? மேலே இருந்தவர் இறங்கினார். ஏற்கெனவே தரையில் நிற்கிறவனை இன்னும் குனி என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

நம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் பேசினதைப் பாருங்கள். மிஷனெரிகளின் தியாகத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். கொடுக்கிற கையிலேயே பெருமை ஒட்டியிருக்கும் என்பதை வெள்ளைக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கேட்ட சிலருக்குக் கசந்தது. இரண்டே வருடத்தில் தோர்னக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அன்றைக்கு ஒரு பெரியவர் அவரிடம் “தம்பி, தாழ்மையாய் இரும்” என்று சொல்லி உட்காரவைத்திருந்தால்?

நாசரேத் அக்கா:
கணக்குக் கேட்கிறவனுக்கும் பெருமை வரும் தம்பி. லூக்கா 18இல் தசமபாகக் கணக்கு ஒப்பித்த பரிசேயனும் யோக்கியன்தான், பக்கத்தில் நின்ற, வரி வாங்குகிற ஆயக்காரனைப் பார்த்ததும்தான் அவனுக்குத் தலைக்கேறியது. ஆனால் முதலில் கமிட்டி கணக்கைக் காட்டிவிடட்டும். கேட்டவன் பெருமையை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.