டோல்கேட்டில் கிரேனும் ரோந்து வண்டியும் 24 மணி நேரமும் நிற்பது வீண் செலவா?

நாமக்கல்_லோடு:
எனக்கு இரண்டு லாரி. போன மாதம் திண்டிவனம் தாண்டி ஒன்றுக்கு ஆக்சில் கட். இடது லேனிலேயே நின்றுவிட்டது. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்லி, கிரேன் வந்து ஓரம் கட்ட இரண்டு மணி நேரம். கேட்டால், அங்கங்கே கிரேன் நிறுத்தக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். செலவுதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் என்ன மிச்சமாகும் என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறீர்களா?

ரோடு_இன்ஜினியர்:
ஒரு பக்கம் இரண்டு லேன் உள்ள சாலையில் ஒன்று அடைத்தால் பாதி வண்டியாவது போகும் என்று நினைப்போம். மூன்றில் ஒரு பங்குதான் போகும். எல்லாரும் மெதுவாக்கி எட்டிப் பார்ப்பார்கள். மணிக்கு 4,000 போகக்கூடிய இடத்தில் 1,400. வருவது 2,000 என்று வையுங்கள், மணிக்கு 600 தேங்கும். அரை மணியில் லாரியை அகற்றினால், தேங்கியது கலையும் நேரத்தையும் சேர்த்து எல்லா வண்டிகளும் மொத்தமாக இழப்பது சுமார் 100 மணி நேரம். இரண்டு மணி ஆனால் 1,560. தாமதம் நாலு மடங்கு, இழப்பு 16 மடங்கு. ஒரு வண்டியின் ஒரு மணிக்கு வெறும் 200 ரூபாய் போட்டாலும் கிட்டத்தட்ட 3 லட்சம், உங்கள் ஒரு லாரியால். கிரேனின் மாத வாடகையை இதோடு வைத்துப் பாருங்கள்.

ரெக்கவரி_டிரைவர்:
சார் கணக்கு பகலுக்குச் சரி. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒன்பது வருடம் கிரேன் ஓட்டினேன். ராத்திரி மூன்று மணிக்கு ஜாமே ஆகாது. அந்தக் கணக்குப்படி என் சம்பளம் தண்டம். ஆனால் உயிர் போவது அந்த நேரத்தில்தான். விளக்கு எரியாமல் நிற்கும் லாரிக்குப் பின்னால் ஆம்னி பஸ் வரும். டிரைவர்கள் வேப்பங்கொப்பை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை வைப்பார்கள். லாரி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். ஒரு விடியற்காலையில் பால் கேனோடு பைக்கில் வந்த பையன் அப்படி ஒரு கல்லில் ஏறி விழுந்தான். ரோடெல்லாம் பால், அவனுக்கு முழங்கை எலும்பு வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் டார்ச் அடித்துக் கல்லையெல்லாம் பொறுக்காமல் நான் வண்டியை எடுத்ததில்லை. கிரேன் மெதுவாக வந்தாலும் போகிறது, ரோந்து வண்டி பத்து நிமிடத்தில் வந்து கூம்பு வைத்து விளக்குப் போடட்டும். காசு போடுவதானால் முதலில் அதில் போட வேண்டும்.

நாமக்கல்_லோடு:
அண்ணே, என் டிரைவரும் கல்தான் வைத்தான். எடுத்தானா என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு வண்டிக்கும் நாளைக்கே ரிஃப்ளெக்டர் முக்கோணம் வாங்கிவிடுகிறேன்.