புதுப்பிப்பு: உடம்பெல்லாம் வலி, டெஸ்ட் எல்லாம் நார்மல் – காரணம் தெரிந்தது

ஐந்து மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: தோள், இடுப்பு, முழங்கை என்று இடம் மாறி மாறி வலி, எட்டு மணி நேரம் தூங்கினாலும் அசதி, யாரைப் பார்ப்பது? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஃபைப்ரோமயால்ஜியாவாம் (உடம்பெங்கும் நீண்ட நாள் வலியும் அசதியும் தரும் நோய்).

கைகொடுத்தது, "ருமட்டாலஜிஸ்டிடம் (மூட்டு, தசை நோய் நிபுணர்) போங்க, அதற்கு முன் வலிக்கிற இடத்தையெல்லாம் படத்தில் குறியுங்க" என்ற யோசனை. பையனின் பழைய ரஃப் நோட்டில் ஓர் ஆள் உருவம் வரைந்து (பார்க்கச் சகிக்காது) மூன்று வாரம் குறித்தேன். டாக்டர் அதை வாங்கி நிதானமாகப் பார்த்தார். உடம்பை 19 பகுதியாகப் பிரித்து எத்தனையில் வலி என்று எண்ணுகிறார்கள். அசதி, தூக்கம், மறதிக்குத் தனி மதிப்பெண். 3 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு போன்றவை பார்ப்பது வேறு நோய் இருக்கிறதா என்று அறியத்தான்.

எதிர்பாராதது: தாடை வலிக்குப் பல் டாக்டர், வயிற்று உப்புசத்துக்கு இன்னொருவர் என்று அலைந்தேனே, இரண்டும் இதோடு சேர்ந்து வரக்கூடியவையாம். வேளச்சேரி ஸ்டேஷன் படியில் எங்கே கிளம்பினோம் என்று மறந்து விழித்ததும்தான். வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

வைட்டமின் டி மாத்திரையால் எனக்கு வலி குறையவில்லை. இப்போது இரவில் டாக்டர் எழுதித் தந்த குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் (வலிக்கும் தூக்கத்துக்குமான மாத்திரை), காலையில் 15 நிமிட நடை. முதல் வாரம் உற்சாகத்தில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு இரண்டு நாள் படுத்தேன். மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். வலி முழுதாகப் போகவில்லை. தூக்கம் பரவாயில்லை.