ஸ்ட்ராஸ்பர்க்கின் 24.5 கோடி டாலர் ஒப்பந்தம்: வாஷிங்டன் செய்தது சரியா?

கணக்கன்:
2019 டிசம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி, தன் பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் வீசியது எட்டே ஆட்டங்கள், முப்பத்தோரு இன்னிங்ஸ்களுக்குச் சற்று மேல் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்). கடைசியாக 2022 ஜூனில் பந்துவீச மேடேறினார். 2024இல் ஓய்வு பெற்றார். அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் ஒப்பந்தங்களில் வீரர் காயம்பட்டுப் படுத்தாலும் முழுத் தொகையையும் அணி கொடுத்தே ஆகவேண்டும். மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்று ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், வீரரின் தோளையும் முழங்கையையும் எடைபோடாமல், நன்றியுணர்ச்சியில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது என்பது என் கருத்து. அவருக்கு அப்போது வயது 31. முழங்கையில் 2010இலேயே அறுவை சிகிச்சை நடந்திருந்தது. போதாக்குறைக்கு, 2019இல் மட்டும் வழக்கமான பருவத்தில் 209 இன்னிங்ஸ், அதற்குப் பிந்தைய கோப்பைக்கான ஆட்டங்களில் 36 என்று அந்தக் கை மிகக் கடுமையாக உழைத்திருந்தது.

பொடோமேக் வாசி:
கணக்கன் அவர்களே, அந்த 36 இன்னிங்ஸ்களைச் சுமையாக மட்டும் பார்க்கிறீர்கள். நான் அவற்றை வேறுவிதமாக நினைவில் வைத்திருக்கிறேன். 2019 மே மாதத்தில் இந்த அணி 19 வெற்றி, 31 தோல்வி என்ற நிலையில் கிடந்தது, ஊரே கைகழுவிவிட்டது. அங்கிருந்து எழுந்து வந்து, வேர்ல்டு சீரிஸில் ஹூஸ்டனிடம் மூன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி நின்றபோது, எதிரணியின் மைதானத்தில் ஆறாவது ஆட்டத்தை ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை சுமந்து காப்பாற்றியவர் ஸ்ட்ராஸ்பர்க். அந்தப் பிந்தைய ஆட்டங்களில் பிட்சராக அவர் பெயரில் ஐந்து வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை. அவருடைய பழைய ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளும் பத்துக் கோடி டாலரும் மீதமிருந்தன. அதிலிருந்து விலகும் உரிமையை அவர் பயன்படுத்திக்கொண்டார். ஆகவே அணியின் முன்னே இருந்த கேள்வி, வேர்ல்டு சீரிஸின் சிறந்த ஆட்டக்காரரை வெளியே விடுவதா வேண்டாமா என்பதுதான். சந்தை விலையும் அப்படித்தான் இருந்தது: ஓரிரு நாளிலேயே இன்னொரு பிட்சரான கெரிட் கோலுக்கு நியூயார்க் யாங்கீஸ் ஒன்பது ஆண்டுகளுக்கு 32.4 கோடி கொடுத்தது.

வயதைக் குறை சொல்கிறீர்கள். பிட்சர் மேக்ஸ் ஷெர்சரை இதே அணி 2015 தொடக்கத்தில் ஏழு ஆண்டுகளுக்கு 21 கோடிக்கு எடுத்தபோது அவருக்கு 30 வயது. 2016இலும் 2017இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். 2019 வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் முதலில் பந்துவீசத் தொடங்கியவரும் அவர்தான். அன்று யாரும் வயதைப் பேசவில்லை.

கணக்கன்:
ஷெர்சரின் கையில் அதற்கு முன் பெரிய அறுவை சிகிச்சை எதுவும் நடந்ததில்லை. இரண்டு கைகளும் ஒன்றல்ல. ஸ்ட்ராஸ்பர்க்கை இதே நிர்வாகம்தான் 2012இல், நல்ல நிலையில் வீசிக்கொண்டிருந்தபோதே, கையைக் காப்பதற்காக 159 இன்னிங்ஸ்களோடு நிறுத்தி வைத்தது. அணி முதல் சுற்றிலேயே செயின்ட் லூயியிடம் தோற்றது. அப்போது அவ்வளவு அஞ்சியவர்கள், ஏழு ஆண்டுகள் கழித்து எந்த அச்சமும் இல்லாமல் ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். 2021இல் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்புகள் நசுங்கும் கோளாறுக்கு அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவருடைய பந்தில் பழைய வேகம் திரும்பவே இல்லை. அதற்காக அவர்மீது எனக்குத் துளியும் கோபமில்லை. மீண்டுவர அவர் பட்ட பாடு பெரியது.

இளம்பரிதி:
ஸ்ட்ராஸ்பர்க்கை விட்டுவிட்டு யாரை வைத்துக்கொண்டிருப்பார்கள்? அணியின் இன்னொரு நட்சத்திரம் அந்தோனி ரெண்டோனை. அவரும் அதே வாரத்தில், அதே ஏழு ஆண்டுக்கு, அதே 24.5 கோடிக்கு ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். அதன் பிறகு ஒரு பருவத்தில்கூட 58 ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. இருவரில் எவருக்குக் கொடுத்திருந்தாலும் பணம் இதே வழியில்தான் போயிருக்கும். ஆகவே அணி சரிந்ததற்கு இந்த ஒரு கையெழுத்தைக் காரணமாக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ரெண்டோனை 2011இல் தேர்ந்தெடுத்த பிறகு, அடுத்த பல ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளில் ஒருவர்கூட வாஷிங்டனில் நட்சத்திரமாக வளரவில்லை என்பதுதான் மூல நோய். கீழே ஆள் விளையாத அணியில், மேலே ஒருவர் விழுந்தால் அந்த இடம் வெற்றிடமாகவே கிடக்கும். 2021இல் ஷெர்சரையும் ட்ரே டர்னரையும், 2022இல் ஹுவான் சோட்டோவையும் விற்க நேர்ந்ததும், அந்த ஆண்டு 107 தோல்விகள் வந்ததும் இதன் விளைவுகளே.

மேட்டுக்காவலன்:
டெக்சாஸ் ரேஞ்சர்ஸை இங்கே சேர்த்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் பிட்சர் ஜேக்கப் டிக்ராமுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 18.5 கோடி, அவர் ஆறு ஆட்டங்கள் வீசிவிட்டு முழங்கை அறுவைக்குப் போனார். அதே மாதம் இரண்டு ஆண்டுக்கு 3.4 கோடியில் எடுத்த நேத்தன் இயோவால்டி 2023 பிந்தைய ஆட்டங்களில் ஐந்து வெற்றி கண்டார், கோப்பையும் வந்தது. நீண்ட ஒப்பந்தம் போடுவதானால் டாட்ஜர்ஸ் அணி பிட்சர் யமமோட்டோவுக்குச் செய்ததுபோல 25 வயதில் போடவேண்டும். அவரும் முதல் ஆண்டில் தோள் காயத்தால் மூன்று மாதம் போலப் படுத்தார். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று மாதத்தை அணி தாங்கும். 2025 வேர்ல்டு சீரிஸில் டொராண்டோவுக்கு எதிராக ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி வென்று, மறுநாளே ஏழாவது ஆட்டத்தை முடித்தும் வைத்தார்.

கணக்கன்:
இளம்பரிதி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஆள் விளையாத அணிக்குத்தான் அந்தப் பணம் அதிகம் தேவைப்பட்டது. சம்பளச் செலவு வரம்பைத் தாண்டும் அணி கட்டவேண்டிய ஆடம்பர வரிக்கு ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியைத்தான் கணக்கிடுவார்கள். ஆண்டுக்கு மூன்றரைக் கோடி ஒரே பெயரில் முடங்கினால், ஓட்டைகளை அடைக்க நடுத்தர வீரர்களை வாங்கும் துணிவு நிர்வாகத்துக்கு எங்கிருந்து வரும்?

பொடோமேக் வாசி:
நம் அணியின் இன்னொரு பிட்சர் பேட்ரிக் கார்பினைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு 14 கோடி வாங்கினார். 2021 முதல் 2023 வரை அவருக்கு வந்த தோல்விகள் 16, 19, 15. அந்த ஒப்பந்தத்தையும் தவறென்பீர்கள். ஆனால் 2019இன் அந்த ஏழாவது ஆட்டத்தில் ஷெர்சருக்குப் பின் வந்து மூன்று இன்னிங்ஸ்களை ஓட்டமே கொடுக்காமல் மூடியவர் அவர். ஷெர்சரின் 21 கோடியில் சரிபாதி இன்னும் தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2028 வரை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி. அந்த மூவரில் ஒருவர் இல்லாமலிருந்தாலும் 2019 அக்டோபர் 30 இரவு ஹூஸ்டனில் முடிந்த விதமாக முடிந்திருக்காது. என் கணக்கில் அந்த மூன்று ஒப்பந்தங்களும் ஒரே செலவு. அதைப் பிரித்து, ஸ்ட்ராஸ்பர்க்கின் பங்கை மட்டும் நட்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.