ஒரிகனில் மரண தண்டனையை ஒழிக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவைதானா?

கேள்வி:
அமெரிக்காவின் ஒரிகன் மாநில ஆளுநர் கேட் பிரவுன், 2022 டிசம்பரில் மரண தண்டனைக் கைதிகள் 17 பேரின் தண்டனையையும் ஆயுள் சிறையாகக் குறைத்தார். ஆயினும் தண்டனை அங்கே ஒழியவில்லை என்கிறார்கள். சட்டமன்றமே சட்டம் இயற்றி இதை முடித்துவிடக் கூடாதா?

மறுமொழி 1:
முழுமையாக முடியாது, நண்பரே. 1984-ல் வாக்காளர்கள் இத்தண்டனையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதி, கொடூர தண்டனைக்கு எதிரான அதன் பாதுகாப்பிலிருந்தும் விலக்கு அளித்தார்கள். அதை நீக்க மீண்டும் மக்கள் வாக்கெடுப்புதான் வழி. ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றமான கடுங்கொலை (aggravated murder) எது என்பதைச் சட்டமே வரையறுக்கும் என்று அப்பிரிவு விட்டிருப்பதால், 2019-ல் சட்டமன்றம் அந்த வரையறையை வெகுவாகச் சுருக்கிவிட்டது. கெட்டிக்காரத்தனமான வழிதான், எனினும் அடுத்து வரும் சட்டமன்றம் அதை மறுபடி விரித்துவிடலாம்.

மறுமொழி 2:
திருத்தமும் நிரந்தரமல்ல என்பதே என் கவலை. ஒரிகன் மக்கள் 1914-ல் ஒழித்தார்கள், 1920-ல் மீட்டார்கள். 1964-ல் மறுபடி ஒழித்து, 1978-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். மிச்சிகனோ 1846-லேயே, தேசத்துரோகம் தவிர மற்றக் குற்றங்களுக்கு, சட்டத்தால் ஒழித்து, மரண தண்டனைச் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்ற தடையை 1963 அரசியலமைப்பில் பொறித்தது. அது இன்றும் நிற்கிறது.

மறுமொழி 1:
உண்மை. ஆனாலும் ஆளுநரின் கருணை அன்றிருந்த கைதிகளை மட்டுமே காக்கும். நாளைய வழக்கில் நிற்பவரை அது காக்காது. ஆகவே திருத்தத்தை மக்கள் முன் வைத்தே ஆக வேண்டும்.